ஒரு புள்ளி தள்ளி

டேங்க் கிளீனர் மீன் எந்த ஆண்டு எந்தக் குளத்தை எட்டும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் நிலோஃபரின் ஆராய்ச்சி. கண்ணாடித் தொட்டிப் பாசியைத் தின்பதற்கென்று கடல் கடந்து வந்த மீன் அது. வெளியே விட்டால் முள்ளால் வலையைக் கிழிக்கும், கரையைக் குடையும், நம் கெளுத்திக்கும் குரவைக்கும் இடம் வைக்காது.

கணிப்புக்கு முக்கியம், மீன் முதலில் இறங்கிய இடம். அது கூத்தாநல்லூரில் தன் வீட்டுக் கொல்லைக் குளம் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் அஸார் ஜித்தாவுக்குத் திரும்பிய அன்று, "பாவம், பொழச்சுப் போவட்டும்" என்று தொட்டி மீன்களை அதில் கொட்டிவிட்டுப் போனான். மறு வருஷம் ஜித்தாவில் லாரி மோதி இறந்தான். அடக்கமும் அங்கேயே. முகம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா ஷம்சாத்துக்குச் சாயந்திரமானால் படித்துறைதான். மீன் காற்றுக்காக மேலே வந்து குமிழி விடும்.

"ஒங்கண்ணன் மூச்சு விடுறான் பாரு."

நிலோஃபருக்கு முதுகு சில்லிடும். ஆனாலும் எழுந்து போக மாட்டாள்.

உண்மையை எழுதினால் மீனை ஒழிக்கக் குளத்தை இறைத்துச் சுண்ணாம்பு போட்டுவிடுவார்கள். அதனால் வரைபடத்தில் முதல் புள்ளியை ஆற்றில் மேற்கே வெகுதூரம் தள்ளி, ஒரு மதகடியில் வைத்தாள். ஒரு புள்ளிதானே, யார் குடி முழுகிவிடும் என்று நினைத்தாள். படித்தவளின் சாமர்த்தியம்.

கூத்தாநல்லூருக்குக் கிழக்கே, அடுத்த ஊர்க்குளத்தில் விரால் வளர்க்கும் வைரக்கண்ணு தேடி வந்து கேட்டார்.

"எங்க பக்கம் எப்பம்மா வரும்?"

"மூணு வருஷம் ஆவுங்க."

கணக்கு சொன்னதைத்தான் சொன்னாள். கொல்லைக் குளத்திலிருந்து மறுபடி போட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவர் நம்பிப் போய், மதகுக்குத் தடுப்பு வலைகூடக் கட்டாமல் குஞ்சு விட்டார்.

அந்த ஐப்பசி வெள்ளத்திலேயே மீன் வந்துவிட்டது. நிலோஃபர் போனபோது கிழிந்த வலைகள் கரையில் கிடந்தன. விரால் குஞ்சு ஒன்றுகூட இல்லை. வைரக்கண்ணு கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நீங்க சரியாத்தான் போட்டிருப்பீங்க. அந்த மீனுக்குத்தான் கணக்குத் தெரியல" என்றார். "இனிமே எந்த ஊருக்குப் போவும்னு சொல்லுங்கம்மா. அவங்களயாவது உஷார் பண்ணிடுறேன்."

நிலோஃபர் வரைபடத்தை எடுத்து விரித்தாள். அம்மா இந்நேரம் படித்துறைக்குப் போயிருப்பாள்.

"மொதல்லேருந்து போடணுங்க" என்றாள். "எங்க வீட்டுக் கொல்லையிலேருந்து."