துப்பாக்கிப் புத்தகங்களுக்குத் தோல் அட்டை

ஆம்பூர் ஆபித் பாஷாவுக்கு இருந்த ஒரே குறை, ஊரே அவரைத் ‘தோல் பாய்’ என்று கூப்பிட்டதுதான். எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், "கன்னுத் தோல் இப்ப இன்னா ரேட்டு பாய்?" என்பதைத் தாண்டி ஒருவரும் அவரிடம் பேசியதில்லை. பரம்பரையாகத் தோலில் சம்பாதித்துத் தின்றவருக்கு, திடீரென்று அறிவாளி என்று பெயர் வாங்க ஆசை வந்துவிட்டது.

அதற்கு அவர் பிடித்த வழிதான் வேடிக்கை. பழைய ராணுவத் துப்பாக்கிக் கையேடுகளைச் சேர்க்க ஆரம்பித்தார். பெங்களூர் நடைபாதையில் தொடங்கி ஆன்லைன் ஏலம் வரை போய், வெள்ளைக்காரன் காலத்து ரைபிள், பிரென் கன் என்கிற இயந்திரத் துப்பாக்கி என்று ஒவ்வொன்றின் கையேட்டையும் ஒரு பீரோ நிறைய அடைத்துவிட்டார். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. பக்கத்துத் தெருவில் லட்சுமி வெடி வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிற வீரர் அவர். ஆனாலும் ரைபிளைக் கழற்றி எண்ணெய் போடும் முறையைச் சாப்பாட்டு நேரத்தில் மனைவி வஹீதாவுக்கு விளக்குவார். அவளும் பொறுமையாக, "இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டா?" என்று கேட்பாள்.

பீரோ மாடியில் இருந்தது. கீழே தோல் அடுக்கியிருக்கும் இடத்தில் வைத்தால் புத்தகத்தில் தோல் வாடை ஏறிவிடுமாம்.

அப்போதுதான் வேலூரிலிருந்து போன் வந்தது. கோதண்டபாணி என்ற ஓய்வுபெற்ற கேப்டன், இப்படிப்பட்ட கையேடுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தப்போகிறார். நேரில் வந்து புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பார். கொடுத்தவர்களின் பெயர் வாசல் போர்டில் வரும். போர்டு என்றதும் பாஷாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பீரோவைத் திறந்தவருக்கு முகம் சுருங்கிப்போனது. முனை மடங்கிய காக்கி அட்டைகள், எண்ணெய்க் கறை, எவனோ ஒரு சிப்பாய் பென்சிலால் கிறுக்கிய பெயர். பெரிய மனிதர் வரும்போது இந்தக் கோலத்திலா காட்டுவது?

"இருக்கிற மாதிரியே வுடுங்களேன். பழசுன்னா பழசாத்தானே இருக்கும்?" என்றாள் வஹீதா.

"உனக்கு இன்னா தெரியும்? என் மானம் போய்டும்."

ஒரு வாரம் அவருடைய தொழிற்சாலையில் ஷூ வேலை ஓரங்கட்டப்பட்டது. அட்டைகளைப் பிய்த்து எறிந்தார்கள். தாள்களின் ஓரத்தை வெட்டிச் சீராக்கினார்கள். ஏற்றுமதிக்கு வைத்திருந்த கன்றுத் தோலில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அட்டை, முதுகில் தங்க எழுத்து. வேறு ஊர்க்காரனாக இருந்தால் பிளாஸ்டிக் உறையோடு நிறுத்தியிருப்பான். இவரிடம் தோல் இருந்து தொலைத்தது.

கேப்டன் வந்தார். ஒரு புத்தகத்தை எடுத்துத் திருப்பினார், முகர்ந்து பார்த்தார்.

"பழைய அட்டை எங்க பாய்?"

"குப்பையில போட்டாச்சு சார். ஒரே அசிங்கமா இருந்துது."

கேப்டன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அந்த அசிங்கத்தப் பாக்கத்தான் பாய் வந்தேன். உள்ள இருக்கிற விஷயம் நெட்லயே கெடைக்குது. அந்தக் கறையும் சிப்பாய் பேரும் இனிமே எங்க கெடைக்கும்? ஒண்ணக்கூட எடுத்துக்க முடியாதே."

பாஷா, வயதான ஆண்பிள்ளை அழக்கூடாதே என்று பீரோக் கதவைத் துடைப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேப்டனின் கட்டைவிரலோ அட்டையை விடாமல் தடவிக்கொண்டிருந்தது.

"ஆனா இந்தத் தோலு இருக்கே பாய், இன்னா வழவழப்பு! கண்காட்சிக்கு வர்ற விருந்தாளிங்களுக்கு இதுல கைப்பை தச்சுத் தர முடியுமா?"

மனசு முடியாது என்றது. வியாபாரி வாய், "பண்ணிடலாம் சார்" என்றது.

கண்காட்சி திறந்த அன்று கேப்டனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வாசல் போர்டு. நூல் கொடுத்தவர்களின் பெயர்களெல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. அடியில் கொட்டை எழுத்தில், ‘பைகள் உபயம்: ஆம்பூர் தோல் பாய்’. கூடவே ஒரு செய்தி: ‘உங்க ஊர்ல விசாரிச்சேன். இப்படிப் போட்டாத்தான் தெரியும்னாங்க.’

பாஷா சாய்வு நாற்காலியில் சரிந்தார். வஹீதா போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"போர்டுல வரணும்னீங்க, வந்துடுச்சு. இன்னும் இன்னா பேஜாரு?"