ஒரே கட்டை, இரண்டு பன்னிரண்டு

கறிக்கடையில் வெட்டுக்கட்டை ஒன்றுதான். அப்பன் போன பிறகு அண்ணனும் தம்பியும் அதற்காக முட்டிக்கொண்டார்கள். குறுக்கே சுவர் வைத்தால் இருவருக்கும் முழங்கை மடக்க இடமிருக்காது, அத்தனை ஒடுக்கம். பக்கத்துப் பாத்திரக் கடை என்னுடையது. சண்டை இலவசம், காதுதான் செலவு.

அவர்களின் உடன்பிறந்தவளைக் கட்டிய மாப்பிள்ளை இயற்பியல் வாத்தியார். அவர்தான் வழி சொன்னார்.

"ஒரே இடத்துல ஒரே நேரத்துல ரெண்டு பொருள் இருக்க முடியாது. வேற வேற நேரத்துல தாராளமா இருக்கலாம். இடத்தை ஏன் பிரிக்கிறீங்க? நேரத்தைப் பிரிங்க."

மதியம் பன்னிரண்டு வரை அண்ணன், பிறகு தம்பி. கைமாறும்போது அண்ணி கட்டையில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, துணுக்குகளை எலும்புத் தொட்டியில் தள்ளித் தர வேண்டும். யார் கடிகாரத்துப் பன்னிரண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. கரண்டி வாங்கினாலும் தட்டிப் பார்க்கிற நானும் கேட்கவில்லை.

அண்ணனுக்குச் சுவர்க் கடிகாரம். அது மெதுவாகப் போகும். இன்னும் மெதுவாகப் போக அவனே முள்ளைப் பின்னால் தள்ளுவான். தம்பியின் கைக்கடிகாரம் பந்தயக் குதிரை. அவனும் சும்மா இருக்கவில்லை. இரண்டு பன்னிரண்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு விழுந்தது. அந்த இடுக்கில் கடை இருவருக்கும் சொந்தம். முதலில் அதில் வசவு பறந்தது, பிறகு எலும்பு.

அன்று தம்பி கத்தியோடு வந்தான்.

"மணி ஆச்சு. இறங்கு."

"உன் கையில ஆச்சு. என் சுவத்துல ஆகல."

"சுவத்தையே பேத்துருவேன்."

"பேத்துத்தான் பாருடா."

எடைக்கல் பறந்தது. கடிகாரம் சிதறி, கண்ணாடி அண்ணனின் புருவத்தைக் கிழித்தது. அவன் தம்பியின் பிடரியைப் பிடித்து முகத்தைக் கட்டையில் மோதினான். பல் தெறித்து என் கடைவாசலில் விழுந்தது. திமிறி ஓடிவந்த தம்பி, என்னிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த அம்மாளின் கையிலிருந்த சட்டியைப் பிடுங்கிப்போய் அண்ணன் மண்டையில் போட்டான்.

"அடி வாங்கின சட்டி. விலையைக் குறைங்க" என்றாள் அந்த அம்மாள்.

வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சிரைக்க வந்தார். அண்ணன் கத்தினான்: "மாப்ள, நீயே சொல்லு. எந்த மணி சரி?"

அந்த மனுஷருக்குப் பொய் வராது. "எல்லாருக்கும் பொதுவா ஒரு 'இப்ப' உலகத்துலயே கிடையாது, மச்சான். அவங்கவங்க கடிகாரம் அவங்கவங்களுக்கு. ரெண்டு பேரும் சரிதான்!"

கத்தி பிடித்த இருவரிடம் 'ரெண்டு பேரும் சரி' என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டான். இருவரும் தப்பு என்று சொல்லிச் சாப்பிட அனுப்பியிருப்பான். இரண்டு கைகளும் ஓங்கின. வாத்தியார் குறுக்கே கை நீட்டினார். அண்ணனின் கத்தி இறங்கியது. சாக்பீஸ் பிடிக்கும் இரண்டு விரல்கள் கட்டையிலேயே நின்றுவிட்டன.

ரத்தம் பீய்ச்சியதில் எங்களுக்குப் புத்தி போயிற்று. அவரை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"விரல் எங்க? கொண்டு வந்தா ஒட்டிப் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் கடைக்குப் பாய்ந்தார்கள். நான் பின்னால் போனேன். கட்டை பளிச்சென்று இருந்தது. ஆவி பறந்தது. அண்ணி கொதிநீர்ப் பானையோடு வெறித்து நின்றாள். ரத்தத்தைக் கண்ட கை, பழகிய வேலையைச் செய்து முடித்திருந்தது. அன்று ஒப்பந்தப்படி நடந்தவள் அவள் ஒருத்திதான். இருவரும் தோளோடு தோள் இடித்து எலும்புத் தொட்டியைக் கிளறினார்கள். அந்த ஒடுக்கத்தில், ஒரே நேரத்தில், இருவருக்கும் இடமிருந்தது.

துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்ததும் டாக்டர் கேட்டார்: "வெட்டுப்பட்டு எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பத்தான் டாக்டர்" என்றான் அண்ணன்.

"ஒரு ஜென்மமாச்சு" என்றான் தம்பி.

வாத்தியார் கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கு இன்னும் கத்தி இறங்கிக்கிட்டே இருக்கு."

டாக்டர் துணியைப் பிரித்தார். வெள்ளையாக வெந்திருந்தன. பிரித்த மாதிரியே மடித்தார்.

"நேரம் நிறைய இருந்துச்சு. விரல்தான் இல்ல."

அண்ணன் விடவில்லை. விலை படியாத கடைமுன் நிற்பவன் போல, டாக்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தான்: "இப்பத்தான் டாக்டர். சத்தியமா, இப்பத்தான்."