ரெண்டு டிவிடி ஆர்க்கெஸ்ட்ரா

'பாம்ம்ம்!' என்று இருபது ட்ரம்பெட் ஒன்றாகப் பிளிறியதில், மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த ப்ரீத்தியின் வயலின் பெட்டி சுவரில் போய் இடித்தது. கீழ் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

"பயந்துட்டியாம்மா?" கதவைத் திறந்து சிரித்தான் கதிர்வேல். "கொறஞ்ச வெலைல இதான் பெஸ்ட்டாம். ரெண்டே டிவிடி. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா கீபோர்டுலயே எல்லா வாத்தியமும் வரும். உள்ள ஒரு ஆர்க்கெஸ்ட்ராவே உக்காந்திருக்கு!"

"அதுக்குத்தான் என்னை சிதம்பரத்துலேர்ந்து நிக்க வெச்சே கூட்டியாந்தியாண்ணே? பஸ்ல சீட்டே இல்ல."

ராஜமாணிக்கத்தின் நாட்டிய நாடகங்களுக்குக் கடலூரில் இசையமைப்பவன் கதிர்வேல். ஆறு வருடமாக அவற்றில் வயலின் ப்ரீத்திதான். இந்த வருடம் ராஜமாணிக்கம், "கம்ப்யூட்டரே வாசிச்சா ஆளு எதுக்குய்யா?" என்று கேட்டுவிட்டார். கதிர்வேல் உடனே அவளுக்குப் போன் போட்டான். "நீ வந்து கேளு. நீ வேணாம்னு சொன்னா கடையில திருப்பிக் குடுத்துடறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தாள்.

முதலில் கீபோர்டில் வயலின் ஒலியை வைத்து நீள ஸ்வரங்களை வாசித்துக் காட்டினான். குறை சொல்ல வழியில்லை. அதுவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு, கதாநாயகி கடற்கரையில் அழும் காட்சிக்கான தோடி. அந்த ராகத்தில் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்கக் கூடாது. ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அது கரண்ட் கம்பம் போல நின்றது.

"நிறுத்து! காந்தாரம் ஏன் செத்துக் கெடக்கு?"

"எப்டி வரணும்?"

"ரிஷபத்துலேர்ந்து கெளம்பி மத்திமத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பணும். இதுகூடவா தெரியாது?"

கீபோர்டின் ஓரத்தில், ஸ்வரத்தை ஆட்டுவதற்கென்று இருந்த சக்கரத்தை அவன் உருட்டினான்.

"ஜொரம் வந்தாப்ல நடுங்குது! மெதுவாண்ணே!"

மெதுவாக உருட்டினான். அவளுடைய கோபம் இன்னும் ஏறியது.

"வில்லு திரும்பவே இல்ல பாரு. கடலூர்ல இழுக்க ஆரம்பிச்சவ புவனகிரி வரைக்கும் இழுத்துக்கிட்டே போவாளா? நாலு ஸ்வரத்துக்கு ஒருவாட்டி திரும்பணும். திரும்பறப்ப சத்தம் ஒரு பொட்டு கொறையணும்."

"ம்... அப்பறம்?"

"அப்பறமா? எல்லா ஸ்வரமும் ஒரே பலம். ஆணி அடிக்கிறானா, வயலின் வாசிக்கிறானா? மொத ஸ்வரத்தை லேசாத் தொடு, ரெண்டாவதுல அழுத்து. அழுவறவ மூச்சு விடமாட்டாளா? மேல் ஸட்ஜத்துக்கு முன்னால அரை நொடி விடு!"

சிவப்பு நோட்டில் கதிர்வேல் விறுவிறுவென்று எழுதிக்கொண்டான். கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கக் காரணம் எழுதுகிறான் என்று நினைத்து, அவள் இன்னும் நாலு திட்டுச் சேர்த்துத் திட்டினாள். ஒரு மணி நேரம் அவள் குறை சொன்னாள். அவன் எழுதினான், உருட்டினான், தட்டினான்.

"இப்பத் தெரியுதா? இது வேலைக்கு ஆவாது. கட்டி வையி," என்றாள் தொண்டை வறண்டு.

போன் அடித்தது. ராஜமாணிக்கம்தான். கதிர்வேல் ஸ்பீக்கரைப் போட்டான்.

"என்னய்யா, அழுவற சீன் எந்த அளவுல இருக்கு? கொஞ்சம் கேக்க வெய்யி."

கதிர்வேல் ப்ரீத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டனை அழுத்தினான்.

காந்தாரம் ஆடியது. வில் நாலாவது ஸ்வரத்தில் திரும்பியது. மேல் ஸட்ஜத்துக்கு முன்னால் அரை நொடி மூச்சு. ப்ரீத்தி சொன்ன குறைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. கொக்கிகூடத் திறக்காத வயலின் பெட்டி அவள் மடியிலேயே கிடந்தது.

"திருட்டுப்பயலே..." என்று அவள் எழுவதற்குள், ஸ்பீக்கரில் ராஜமாணிக்கத்தின் குரல் சந்தோஷமாக வந்தது.

"ஏன்யா, ஆளு வேணாம்னு சொல்லியும் ப்ரீத்தியக் கூட்டியாந்து வாசிக்க வெச்சிட்டியா? அந்தப் பொண்ணு வில்லு எனக்குத் தெரியாதா என்ன!"