ஆறுதலா அடி

மதுமதிக்கு வீடியோ கேம் திரையில் தெரிந்த பனித்தெரு பிடித்துப்போனது. முதல் பிரச்சினை அதுதான். இரண்டு பேர் அடித்துக்கொண்டிருக்க, அவர்களுக்குப் பின்னால் விளக்கெரியும் மாடி ஜன்னலுக்குள் யார் குடியிருப்பார்கள் என்று அவள் யோசிப்பாள். யோசித்து முடிப்பதற்குள், விசிறியால் சண்டை போடும் அவளுடைய திரைப்பொம்மை, விசிறிக்காரி, மல்லாந்து கிடப்பாள்.

இரண்டாவது பிரச்சினை, குதிப்பது. முன்னால் போகலாம், பின்னால் போகலாம், குனியலாம், குதிக்கலாம். அந்த ஆட்டத்தில் அவ்வளவுதான் வழி. மதுமதிக்குக் குதிக்க மட்டுமே வந்தது. கை போன போக்கில் ஆட்டக் குச்சியைத் திருகி, எல்லாப் பட்டன்களையும் தட்டுவாள்.

"ஏன் மது வெட்டுக்கிளி மாதிரித் தாவுற? மேல போயிட்டா அடியைத் தடுக்க முடியாது. தரையிலயே நில்லு. குச்சியப் பின்னால இழுத்துப் பிடி, அதுதான் தடுப்பு" என்பாள் நிஷாந்தி.

நிஷாந்தி மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து கல்லூரிக்கு வருகிறவள், மதுமதி முதுகுளத்தூரிலிருந்து. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த சில வாரங்களிலேயே ஒட்டிக்கொண்டார்கள். வகுப்பில் நிஷாந்தி பேசுவது ராமநாதபுரத்துப் பேச்சுதான். மனசு பரபரத்தால் மட்டும் வீட்டு இலங்கைப் பேச்சு எட்டிப் பார்க்கும். அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில் இந்தச் சண்டை ஆட்டத்தைப் பழகியிருந்தவள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சதக்கத்துல்லா பாய் நடத்தும் கேம் கடையில் ஜோடிப் போட்டி என்றதும் மதுமதியை இழுத்துவந்துவிட்டாள். ஜோடியில் இருவருமே ஜெயிக்க வேண்டும். ஜெயித்த ஜோடி மதுரைப் போட்டிக்குப் போகும். மதுரையில் ஆடுவது நிஷாந்தியின் கனவு. அதைத் தன் கையால் கெடுத்துவிடக் கூடாதே என்பது மதுமதியின் பயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது நாலே ஜோடி. முதல் ஆட்டத்தில் மதுமதிக்கு வாய்த்தவன் அவளைவிடப் புதியவன். இரண்டு பேரும் மாறி மாறிக் குதித்ததில் எப்படியோ அவள் ஜெயித்துவிட்டாள். இறுதி ஆட்டத்தில் நிஷாந்தி தன் பங்கைச் சுலபமாக முடித்துவிட்டு எழுந்தாள். இனி மதுமதிதான். எதிரே பாக்கர். அந்தக் கடையிலேயே குடியிருக்கிறவன் என்று பேர் வாங்கியவன்.

நிஷாந்தி அவள் தோளை அழுத்தினாள். கண்ணெல்லாம் பரபரப்பு. "மது, நீ ஆறுதலா விளையாடு. அது போதும்."

மதுமதியின் முகம் சுருங்கிவிட்டது. நேரே சுவரில் போட்டி நோட்டீஸ். அதன் கடைசி வரி: 'ஆறுதல் பரிசு: சாவிக்கொத்து.'

அப்படியா சங்கதி. இவ சாவிக்கொத்துக்குத்தான் லாயக்கு என்று முடிவு கட்டியாச்சா? மதுமதிக்குக் காது சுட்டது. ஆட்டம் தொடங்கியதும் வெறிகொண்டு குதித்தாள். ஒவ்வொரு தாவலுக்கும் பாக்கர் கீழிருந்து ஒரு குத்து விட்டான். விசிறி ஒரு பக்கம், விசிறிக்காரி ஒரு பக்கம். மூன்றில் முதல் சுற்று போயிற்று.

"நான்தான் ஆறுதலா விளையாடு எண்டு சொன்னனே!" என்றாள் நிஷாந்தி.

மதுமதி குச்சியை விட்டுவிட்டுத் திரும்பினாள். "ஆறுதல் பரிசு வாங்கவா நான் முதுகுளத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்தேன்? நான் தோத்துருவேன்னு தெரிஞ்சா என்னைய ஏன்டி கூப்பிட்ட?"

நிஷாந்தி விழித்தாள். நோட்டீஸைப் பார்த்தாள். மதுமதியைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"ஐயோ லூசு! ஆறுதலா எண்டா மெதுவாடி! அவசரப்படாம, நிண்டு நிதானமா! எங்கட வீட்டில சோறு தின்னக்கூட அப்பிடித்தான் சொல்லுவினம்!"

"அதைத் தமிழ்ல சொல்றதுக்கு என்ன?"

"அது தமிழ் இல்லாம என்னவாம்?"

"ஆத்தாமாரே," என்றான் பாக்கர், "ஆட வந்தியளா, அகராதி போட வந்தியளா?"

கடையே சிரித்தது. மதுமதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது விரல்களில் இருந்த முறுக்கு தளர்ந்திருந்தது.

இரண்டாவது சுற்றில் அவள் நகரவேயில்லை. குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி நின்றாள். பாக்கரின் உதைகள் விசிறியில் பட்டுத் தெறித்தன. பொறுமையிழந்து அவன் குதித்தான். அவள் குனிந்து ஒரே ஒரு குத்து விட்டாள். விழுந்தான். எழுந்து மறுபடி குதித்தான், மறுபடி விழுந்தான். மேலிருந்து பார்த்தபோது தெரியாதது கீழிருந்து தெரிந்தது: குதிக்கிறவன் எங்கே இறங்குவான் என்பதை அவன் கிளம்பும்போதே சொல்லிவிடலாம்.

மூன்றாவது சுற்றில் பாக்கரும் சுதாரித்துவிட்டான். இருவரும் ஆளுக்கு ஓர் அடி கொடுத்தார்கள், வாங்கினார்கள். பிறகு விலகி நின்றார்கள். பனி பெய்துகொண்டேயிருந்தது. நேரம் ஓடிக்கொண்டேயிருந்தது.

"இது சண்டையா, பஸ்ஸுக்கு நிக்கிறியளா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

மதுமதி அசையவில்லை. கடைசி நொடிகளில் பாக்கர்தான் பொறுக்கமாட்டாமல் ஓடிவந்தான். அவன் உதையைத் தடுத்தாள். அடுத்ததையும் தடுத்தாள். மணி அடித்தது. நேரம் முடிந்தது. இனி யாருக்கு உயிர் அதிகம் மிச்சமோ அவருக்குத்தான் ஜெயம்.

திரையின் மேலே இருவருடைய உயிர்க்கோடும் கிட்டத்தட்ட ஒரே நீளம். சதக்கத்துல்லா பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்கு மூக்கு முட்ட நின்றார். நகக்கண் அகலத்துக்கு ஒன்று கூடுதலாக இருந்தது. அதன் கீழே விசிறிக்காரி விசிறியை விரித்தாள்.

நிஷாந்தி பின்னாலிருந்து மதுமதியைக் கட்டிக்கொண்டு குலுக்கிய குலுக்கலில் நாற்காலி சரிந்து இருவரும் தரைக்கு வந்தார்கள்.

"அடிக்காமலே ஜெயிச்சுட்டியளே" என்று பாக்கர் தலையைச் சொறிந்தான். "இந்தா, எந்திரிச்சு உட்காருங்க. போட்டி கெடக்கட்டும், இன்னொரு ஆட்டம் போடுவோம்."

மதுமதி தாவணியைத் தட்டிவிட்டு எழுந்து, நாற்காலியைத் திரைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டாள்.