உள்ளங்கைச் சீனியும் கடைசி மேடும்

1

ணங்! ணங்! ஆபீஸ் மணி ஒன்பது அடித்து ஓய்ந்தபோது, நல்லமுத்து முதுகில் தபால் பையோடு கடைசி மேட்டின் அடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது கதையே அல்ல. ஓடும்போதும் ஏறும்போதும் உடம்புக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று ஒரு பக்கக் கட்டுரை, படத்தோடு. அதை விசாரிக்கத்தான் இலங்கை மலைநாட்டில் றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்துச்சாலைக்கு, டிஸ்பென்சர் றோலண்டைத் தேடிப் போனேன். உதாரணத்துக்கு என்று அவர் ஓர் ஆளைச் சொன்னார். ஆள் உள்ளே வந்தான், கட்டுரை வெளியே போய்விட்டது.

2

நல்லமுத்துவுக்கு வயது நாற்பத்தாறு. காலை ரயில் றொசல்லயில் இறக்கும் பையைச் சுமந்து, நாலு மைல் நடந்து, ஒன்பது மணிக்குள் தோட்டத்து ஆபீஸில் வைப்பது அவன் வேலை. பதினாறு வருஷமாக வைத்தவன்தான். 1957 மழைக்குப் பிறகு கால் பின்வாங்கத் தொடங்கியது. மூன்று தரம் மணி அவனை முந்திக்கொண்டது.

வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா மூலம் தோட்ட நிர்வாகியான துரை சொல்லியனுப்பினார்: இரண்டு வாரம் தவணை. அதில் ஒரு நாள் பிந்தினாலும் கவ்வாத்துக்கு. கவ்வாத்து என்றால் நாள் முழுக்கச் சரிவில் குனிந்து நின்று, கத்தியால் தேயிலைச் செடிகளை வெட்டித் தள்ளுவது. அவன் நெஞ்சு இருந்த இருப்புக்கு அது

(இந்த வாக்கியத்தை மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன். மூன்றிலும் அவன் செத்துப்போனான். இப்படியே இருக்கட்டும்.)

மருந்துச்சாலைக்கு வந்தவனை றோலண்ட் உட்காரவைத்தார்.

"ஸ்டேஷன்ல என்னப்பா சாப்பிட்ட?"

"பாலில்லாத சாயத்தண்ணிங்க. சீனிய உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டே குடிச்சேன்."

"முழுசையுமா?"

"பின்ன, பாதிய ஸ்டேஷன் மாஸ்டருக்கா குடுப்பாங்க?"

"அப்புறம்?"

"ஒரே ஓட்டந்தாங்க. பாலம் வரைக்கும் ரயிலே நமக்குப் பின்னாலதான்."

"பாலத்துல?"

நல்லமுத்து தொடையைத் தடவிக்கொண்டான். "எரிச்சலுங்க ஐயா. கால் என் கால் மாதிரியே இல்ல."

3

றோலண்ட் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன். கட்டுரையில் மிஞ்சியது இவ்வளவுதான்.

தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சதைக்குள் கையிருப்பாகச் சக்தி கொஞ்சம் எப்போதும் இருக்கும். நாலு எட்டுப் பாய்ந்தால் தீர்ந்துவிடும். அடுத்தது சதையில் சேர்த்துவைத்த சீனி. அது சுள்ளி மாதிரி, சட்டென்று பிடிக்கும். ஆனால் மூச்சு ஈடுகொடுக்காத வேகத்தில் ஓடினால் சுள்ளி அரைகுறையாக வெந்து, ஒரு புளிப்பு சதையில் தேங்கிவிடும். தொடை எரிவது அந்த நேரத்தில்தான். நிதானமாகப் போகிறவனுக்குக் காற்று போதும். அவனுடைய உடம்பு சீனியோடு கொழுப்பையும் எரிக்கும். கொழுப்பு பெரிய கட்டை. மெதுவாகப் பிடிக்கும், நெடுநேரம் நிற்கும். உள்ளே எதுவும் போடாமலே வேலை வாங்கிக்கொண்டிருந்தால் அடுப்பு கடைசியில் தன் செங்கல்லையே எரிக்கும். அதாவது, சதையை.

(இங்கே ஆசிரியர் கேட்ட படம் வரும். நல்லமுத்துவின் தொடை அல்ல. யாரோ ஒரு வெள்ளைக்கார ஓட்டக்காரனுடையது.)

"ஸ்டேஷன்ல பாதிச் சீனி, பாலத்துல மீதி. நடுவுல ஓடாத, நட," என்றார் றோலண்ட். "சீனிய கொஞ்சம் கூட்டிக்க."

வீட்டில் கூட்டுவதற்குச் சீனி ஏது? மனைவி மீனம்மா தன் பங்கையும் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, வெறும் சாயத்தண்ணியோடு ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். அந்தக் கடைசி மேட்டை ஒட்டிய மலை அது.

4

இரண்டு வாரம். ஒரு நாள்கூட மணி முந்தவில்லை. முடிவு நாளன்று பத்து நிமிஷம் மிச்சம்.

"என்னடா நல்லமுத்து, றெக்கை முளைச்சிருச்சா?" என்றார் கண்டாக்கையா.

"எல்லாம் டிஸ்பென்சர் ஐயா புண்ணியங்க," என்றான் அவன், பையை இறக்கிக்கொண்டே, தரையைப் பார்த்து.

முதலாம் முடிவு இது. விஞ்ஞானம் வென்றது, வேலை நிலைத்தது. அச்சுக்கு அனுப்பலாம்.

(அந்த இரண்டு வாரத்தில் மீனம்மாவுக்குக் கொழுந்து குறைந்து ஐந்து நாள் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான், போட்டார்கள். கதைக்குத் தேவையில்லை. எடுத்துவிடவும்.)

5

அனுப்பியிருப்பேன். றோலண்ட்தான் கெடுத்தார்.

"பத்து நிமிஷமா? சீனி அவ்வளவு செய்யாதுங்களே," என்றார். "எரிச்சல் குறையும், சரி. சுமையோட மேடு ஏற மூச்சு வேணும். நாப்பத்தாறு வயசு மூச்சு கடையில கிடைக்காது."

என் பாத்திரத்தின் மீது எனக்கே சந்தேகம் வந்தது. இரண்டாம் முடிவு எழுதிப் பார்த்தேன்: பை போய்ச் சேர்கிறது, ஆள் மேட்டிலேயே விழுந்துவிடுகிறான். இப்படி எத்தனையோ பேரை விழவைத்திருக்கிறேன். அலுத்துவிட்டது. மூன்றாவதில் ஒரு லொறி அவனை ஏற்றிக்கொள்கிறது. அவன் வரும் குறுக்குப் பாதையிலோ மாடுகூட ஒதுங்கித்தான் போகவேண்டும்.

6

சாயங்காலம் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போனேன். நல்லமுத்து சுவரில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மீனம்மா வாசலில் உட்கார்ந்து, அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். கூடைக் கயிறு பதிந்த தழும்பு நெற்றியில். அதற்குக் கீழே, தோளில், வேறொரு பட்டையின் சிவந்த தடம்.

நான் முடிவு எழுதப்போவதில்லை. பெயர்களை மாற்றிவிட்டேன், றொசல்லயைச் சுற்றித் தோட்டங்களும் நிறைய. ஆனாலும் துரை பத்திரிகை படிக்காவிட்டாலும் கண்டாக்கையா படிப்பார். ஆகையால் அவள் சொன்னதை உங்கள் காதில் மட்டும் போடுகிறேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது இனி உங்கள் பாடு.

"அந்த மேட்டுல சீனி நல்லா வேலை செஞ்சுச்சாம்மா?" என்று கேட்டேன்.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"சீனிய அவருதாங்க சாப்பிட்டாரு. பையோட மேட்ட நான்தான் ஏறுனேன்."