ஒன்பதாவது சட்டை

வேல்விழி அயர்ன் பாக்ஸை வெடுக்கென்று தூக்கினாள். ஒரு நொடி தாமதம். நீலச் சட்டையின் மார்பு கையகலத்துக்குச் சுருண்டு, பாகாக உருகி, பெட்டியின் அடியோடு நூல் நூலாக இழுபட்டது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் அறையை நிறைத்தது.

"என்ன பெரியம்மா! ஒம்பது சட்டையும் காட்டன்னுதான சொன்னீக?"

தரையில் பஞ்சை விரித்துக்கொண்டிருந்த சோலையம்மாள் எழுந்து வந்தாள். பார்த்தாள்.

மணி பதினொன்று. நாலு மணி பஸ்ஸில் ரோஜா ஆமத்தூர் வந்துவிடுவாள்.

ரோஜா, சோலையம்மாளின் மருமகள். போன வருடம், 2006 வைகாசியில், பட்டாசுக் கம்பெனியின் மருந்து ரூம் வெடித்தபோது ஐந்து மாத வயிறு அவளுக்கு. வெடித்ததில் புருஷன் முத்துப்பாண்டி போனான். பக்கத்தில் நின்ற அவள் அண்ணன் பாண்டிச்செல்வமும் போனான். விசாரணைக்கு வந்த அதிகாரி, முத்துப்பாண்டியின் கழுத்தில் உருகி ஒட்டியிருந்த காலரைப் பார்த்து ஒரே வரி எழுதினார்: நைலான் சட்டை உரசிப் பொறி வந்தது.

மருந்து ரூமுக்குக் காட்டன் தவிர வேறு துணியோடு போகக் கூடாது. அந்த ஊரில் இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாலியஸ்டரோ வேறெதுவோ, எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே பெயர், நைலான். அது தெரிந்தும் போட்டுப் போனவன் என்று முத்துப்பாண்டியைச் செத்த பிறகும் ஊர் ஏசியது. ஊரைவிடக் கடுமையாக ஏசியவள் ரோஜா.

பிறந்த பேரனைச் சோலையம்மாள் இன்னும் தொட்டதில்லை. நாளைக்கு இருக்கன்குடி கோயிலில் அவனுக்கு மொட்டை. மறுநாள் ரோஜா பிள்ளையோடு திருப்பூர் போகிறாள், பனியன் கம்பெனி வேலைக்கு. போகுமுன் ஒன்றே ஒன்றுக்கு இறங்கி வந்திருந்தாள். அப்பன் சட்டைகளில் பிள்ளைக்கு ஒரு மெத்தைப் போர்வை தைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். பாட்டி பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால், ஓர் இழை நைலான் இருந்தாலும் தொடமாட்டாள்.

அதனால்தான் தையல்காரி வேல்விழி ஒவ்வொன்றையும் சலித்துப் பார்த்து வாங்கியிருந்தாள். சட்டைகளில் பல டி-சர்ட்; அந்தப் பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும். பின்னால் கேன்வாஸ் என்ற விறைப்புத் துணியை ஒட்டாமல் தைத்தால் சதுரம் கோணிக்கொள்ளும். சிவகாசிக் கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது காலர் கேன்வாஸ்.

"அண்ணாச்சி, இது காலண்டர் அட்டை கணக்கா இருக்கு. பச்சப்புள்ள படுக்கணும்" என்று தள்ளிவிட்டு, மெல்லிய காட்டன் கேன்வாஸாக வாங்கினாள்.

உள்ளே வைக்கும் பஞ்சுக்குப் பெரிய வாக்குவாதமே நடந்தது. பாலியஸ்டர் பஞ்சு பூப்போல இருக்கும், துவைத்தால் அரைமணியில் காயும். பருத்திப் பஞ்சு கனம். நாலு விரலுக்கு ஒரு தையல் ஓட்டாவிட்டால் துவைக்கும்போது உருண்டு மூலைக்குப் போய்விடும்.

"எம்புட்டுத் தையல்னாலும் ஓட்டு தாயி. பருத்தியே போடு" என்றாள் சோலையம்மாள். அடித்துணிக்குக் காடாத் துணி. போர்வை தைத்த பிறகு சுருங்கக் கூடாது என்று மூன்று தண்ணீர் அவளே நனைத்துக் காயவைத்தாள்.

இவ்வளவு பார்த்தும் சட்டையில் கோட்டை விட்டாயிற்று.

வேல்விழி நீலச் சட்டையின் ஓரத்தில் ஓர் இழை உருவித் தீக்குச்சியைக் காட்டினாள். காட்டன் என்றால் சாம்பலாக உதிரும். இது சுருண்டு, கறுப்பு மணியாகக் கெட்டித்தது.

"சுத்த நைலான். இது யாரு சட்டை பெரியம்மா?"

"அவன் சட்டைதான்."

"எங்க வாங்குனது?"

"ஆடித் தள்ளுபடியில. ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா."

"அப்ப இதுக்குச் சோடி?"

சோலையம்மாள் சுவரில் இருந்த மகனின் படத்தைப் பார்த்தாள். கேட்ட பிறகுதான் வேல்விழிக்கு உறைத்தது. சோடி எங்கே போயிற்று என்பது ஊருக்கே தெரியும். அதிகாரி கையில் காலராக மிஞ்சியது அதுதான்.

"சரி, விடுங்க. இது ரோசா கண்ணுல படக் கூடாது." சட்டையைச் சுருட்டி மிஷினுக்கு அடியில் தள்ளினாள். "ஒரு சதுரம் குறையுதே!"

செல்போன் கம்பெனி சும்மா கொடுத்த சட்டை, காலண்டர் அச்சகம் கொடுத்தது, ஆயுத பூஜைக்குக் கம்பெனி கொடுத்தது, எல்லாமே வெட்டியாகிவிட்டது. பொங்கல் விளையாட்டு விழாச் சட்டையின் முதுகு மட்டும் முழுசாகக் கிடந்தது. அதை வெட்டினாள். தீக்குச்சி காட்டினாள். சாம்பல். கேன்வாஸ் ஒட்டினாள். பிறகு மிஷின் நிற்கவே இல்லை.

நாலேகாலுக்குக் கடைசி ஓரத்தை மடித்து அடித்தபோது, தெருவில் ரோஜாவின் குரல் கேட்டது.

இடுப்பில் பிள்ளையோடு வந்தவள், சோலையம்மாள் "வாம்மா" என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தாள். போர்வையைப் புரட்டினாள். முந்தானையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

"ஏன்டி, எங்களை நம்ப மாட்டியா?" என்றாள் வேல்விழி.

"நம்புன லட்சணத்தைத்தான் பாத்தோம்ல மதினி."

பிசிறிலிருந்து பஞ்சு ஒரு சிட்டிகை, காடாவில் ஓர் இழை, சதுரத்துக்கு ஒன்றாக ஒன்பது இழை. வரிசையாகக் கொளுத்தினாள். அத்தனையும் சாம்பல். கடைசி இழை உதிர்ந்ததும் அவள் தோள் தளர்ந்தது. போர்வையைச் சோலையம்மாள் மடியில் விரித்து, அதன்மேல் பிள்ளையை உட்காரவைத்தாள்.

பத்து மாதப் பயல் பாட்டியின் மூக்கைப் பிடித்து இழுத்தான். சோலையம்மாள் மூச்சுவிடவும் பயந்தவள்போல இருந்தாள்.

"நாளைக்குக் கோயிலுக்கு நீங்களும் வாங்க அத்தை. மொட்டைக்கு உங்க மடியிலயே உக்காரட்டும்" என்றாள் ரோஜா. "பொங்கலுக்குத் தூக்கிட்டு வாரேன்."

வேல்விழி மிஷினுக்கு அடியில் காலை இன்னும் கொஞ்சம் நீட்டி நீலச் சட்டையை மறைத்தாள். தப்பித்தோம்.

ரோஜா பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். "விவரம் தெரிஞ்சதும் இவங்கிட்டச் சொல்லத்தான் போறேன். ஒங்கப்பன் பவுசுக்குச் சட்டை போட்டு ஒங்க மாமனக் கொன்னவன்டான்னு. அப்பன் மாதிரி அசட்டையா வளரக் கூடாதுல்ல."

சோலையம்மாள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்படிச் சொல்லாத ஆத்தா."

"ஏன்? பொய்யா? நைலான்னு தெரிஞ்சுதான போட்டாரு?"

"தெரியாது அவனுக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேல்விழி கண்ணைக் காட்டினாள். வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு மொட்டை, தைக்குப் பொங்கல், பேரன், எல்லாம் கையில் இருக்கிறது.

சோலையம்மாள் பிள்ளையைத் தூக்கி ரோஜாவிடம் நீட்டினாள். குனிந்து, வேல்விழியின் காலை நகர்த்தி, நீலச் சட்டையை வெளியே இழுத்தாள்.

"இது அந்தச் சட்டைக்குச் சோடி. ஒரு வருசமா ஒரு இழையக் கொளுத்திப் பாக்கத் தைரியம் இல்ல எனக்கு. காட்டனா இருந்திருமோன்னு ஒரு நப்பாசை. அதான் இதையும் பொட்டணத்துல வச்சுக் கட்டினேன்."

ரோஜா உருகிய மார்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு அவன் சட்டையெல்லாம் ஊறப்போட்டுட்டேன். வேன் வந்து ஆரன் அடிக்கான். இவன் வெறும் ஒடம்போட நிக்கான். நாந்தான் எடுத்துக் கொடுத்தேன். கையில வச்சுத் தடவிப் பாத்துட்டு, 'இது காட்டன்தானாம்மா'ன்னு ரெண்டு தடவை கேட்டான். 'காட்டன்தான்லே, நாந்தான வாங்குனேன், போட்டுட்டு ஓடு'ன்னேன்."