லாபம், ரெண்டு, மூணு

தெனாலியில் இந்தப் பள்ளியில் ஹைமாவின் மகள் லாஸ்யாவுக்கு இடம் கிடைக்காவிட்டால் நாத்தனார் பாரிஜாதம் குழந்தையை விஜயவாடாவுக்குக் கூட்டிப்போய்விடுவாள். தன்னோடு வைத்துப் படிக்க வைப்பாளாம். ஹைமாவின் புருஷன் தலையாட்டிவிட்டான். அக்காவுக்கு எதிராக அவன் வாயைத் திறந்ததே இல்லை.

"பருப்பு அளக்கவும் தட்டு வைக்கவும் சொல்லிக் குடுத்தா கணக்கு வந்துருமா? சமையக்காரிதான் ஆவா," என்றாள் பாரிஜாதம், பள்ளி வராந்தாவிலேயே.

நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷமாக ஹைமா நடத்திய பாடம் அதுதான். துவைத்த துணியை ஜோடி சேர்ப்பது, பொம்மைகளுக்கு ஓட்டல் நடத்தி இட்லி பங்கிடுவது, உலைக்கு அரிசி அளப்பது.

புனேயிலிருந்து வந்த தலைமையாசிரியை ஒரு டப்பா மொச்சையும் கோப்பையும் கிண்ணமும் எடுத்து வைத்தாள். "அளந்து போடு. எண்ணிக்கிட்டே."

லாஸ்யா தலை தட்டி அளந்தாள். "லாபம். ரெண்டு. மூணு."

"முதல்லேருந்து."

"லாபம். ரெண்டு."

"ஒன்னே தெரியலையே." தலைமையாசிரியை தாளில் குறுக்கே கோடு போட்டாள்.

தானியம் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று இந்தப் பக்கம் யாரும் சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவார்கள். பாரிஜாதமும் தன் வீட்டு நெல்லைக் களத்தில் நின்று அப்படித்தான் அளப்பாள். இப்போது சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வதினா, நீங்க சொல்லுங்க," என்றாள் ஹைமா நாத்தனாரிடம்.

"நான் என்னத்தச் சொல்ல? உன் பாடம், உன் பொண்ணு."

ஹைமா மேசையிலிருந்த பென்சில் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினாள். தலைமையாசிரியை முறைத்தாள்.

"இத எண்ணு பாப்பா."

"ஒன்னு, ரெண்டு..." பன்னிரண்டு வரை வந்து, தரையில் உருண்டதையும் காட்டிப் பதிமூன்று என்றாள்.

"அப்போ அத மட்டும் ஏன் லாபம்னே?" என்று கேட்டாள் தலைமையாசிரியை.

"அது அளக்குறது. பென்சில யாராவது அளப்பாங்களா?"

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. வேறு தாள் எடுத்து எழுதினாள். "திங்கக்கிழமை அனுப்புங்க."

திரும்பும்போது ஆட்டோவில் பாரிஜாதம் சொன்னாள்: "ஒன்னாங்கிளாஸுக்கு எங்கிட்டதான் வரணும். தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."

ஹைமா டிரைவரின் தோளைத் தட்டினாள். "ஓரமா நிறுத்துங்கண்ணா. எறங்குங்க வதினா. விஜயவாடா பஸ்ஸ பிடிங்க."

"பஸ் ஸ்டாண்டு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு."

"தெரியும்," என்றாள் ஹைமா.